நாளைலேர்ந்து வர வேண்டாம்

நம் ஊரில் ஏராளமான பேர் கையெழுத்துப் போட்டு, ரொம்பக் கொஞ்சம் பேர் படித்த எழுத்து எது தெரியுமா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அதற்கு யாரும் விமரிசனம் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதிப் பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் சம்பளம். அதை எல்லாரும் படிக்கிறோம். பின்னால் பொடி எழுத்தில் ஒரு வரி வரும். ஒரு மாத நோட்டீஸோ, அதற்கான சம்பளமோ கொடுத்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் நிர்வாகம் உங்களை நீக்கலாம். நடை தெளிவுதான். ஆனால் கதை நடக்கிற ஊர்தான் தப்பு.

அது அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே ‘அட் வில்’ என்று ஒரு முறை. முதலாளிக்கு இஷ்டம் உள்ளவரை வேலை. இனம், மதம் பார்த்து நீக்கக் கூடாது என்பது போன்ற சில தடைகளைத் தவிர, ஐந்து நிமிஷம் லேட் என்றும் அனுப்பலாம், சும்மாவும் அனுப்பலாம். அங்கேயும் மான்டானா மாநிலம் 1987-ல் தனிச் சட்டம் போட்டு, தகுதிகாண் பருவம் முடிந்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்றது.

இந்தியாவில் இப்படி ஒரு ஷரத்தை, ஓர் அரசு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் ரத்து செய்தது. ‘எட்டாம் ஹென்றி ஷரத்து’ என்று சர்வாதிகார மன்னரின் பெயரையும் அதற்குச் சூட்டியது.

“அது கவர்மென்ட் கம்பெனி சார். நான் குரோம்பேட்டையில துணிக்கடையில இருக்கேன்” என்கிறீர்களா? உங்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1947-ல் வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-வது பிரிவு. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால், விசாரணை வைத்து சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் மேல் நீங்கள் அப்பீலும் போகலாம்.

சரி, லேட்டுக்கு வருவோம். 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து தென் புறநகரின் ஆபீஸ் நேரம் அந்த ரயிலின் கையில்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காகப் பல நாள் ஏகப்பட்ட ரயில்களை ரத்து செய்தார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஊர்ந்து வந்தால், வாசலில் கைரேகை மெஷின் காரணமெல்லாம் கேட்காது.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. கேஷியர் வராத கடையில் கஸ்டமர் காத்திருக்க மாட்டார். தையல் வரிசையில் ஒருத்தி வராவிட்டால் பக்கத்து மெஷின்காரிக்குத்தான் சுமை. அதனால்தான் சட்டம் அவருக்குப் படிப்படியாக வழி வைத்திருக்கிறது. வராத நேரத்துக்குரிய சம்பளத்தைப் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936 சட்டத்தில் இருந்தது இது, புதிய ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது. பத்து நிமிஷ லேட்டுக்கு அரை நாள் சம்பளம் ‘கட்’ என்பது கம்பெனி கண்டுபிடிப்பு. அப்புறம் மெமோ, விளக்கம், விசாரணை. மாதிரி நிலையாணைகள்கூட ‘வழக்கமாக’ லேட்டாக வருவதைத்தான் ஒழுங்கீனம் என்கின்றன. ஒரு நாள் ரயில் தவறியதை அல்ல.

ஆனால் இந்தப் பாதுகாப்பும் சுருங்குகிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில், நிலையாணை என்பது 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். பழைய மத்தியச் சட்டத்தில் இது 100 பேர். 299 பேர் வேலை பார்க்கிற இடம் என்ன பெட்டிக்கடையா?

இதையெல்லாம் விட ஆபத்து அந்தப் பொடி எழுத்து வரிதான். கோர்ட்டில் அது ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் நம்பினால் போதும். “நீங்களே எழுதிக் குடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டாவது தரோம்மா” என்று ஹெச்.ஆர். கனிவாகச் சொல்வார். அந்தப் பெண்ணும் வீட்டு வாடகையை யோசித்தபடி ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவாள். அந்த நிமிஷத்தில் அவளை யாரும் நீக்கவில்லை, அவளே போய்விட்டாள் என்றாகிவிடுகிறது. 41-வது பிரிவும் கூடவே போய்விடுகிறது.

2015 ஜனவரியில் டி.சி.எஸ். வேலை நீக்க நோட்டீஸ் கொடுத்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. கம்பெனி நோட்டீஸை வாபஸ் வாங்கியது. அது லேட் சமாச்சாரம் இல்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, கேட்டார்.

ஆகவே, “நாளைலேர்ந்து வர வேண்டாம்” என்று யாராவது சொன்னால், ராஜினாமா எழுதாதீர்கள். அந்த வார்த்தையையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால், நடந்ததைத் தேதி போட்டு நீங்களே அவர்களுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிறகு அப்பீல். அதற்குக் காலக்கெடு உண்டு. ஆபீசுக்கு லேட்டானால் பரவாயில்லை, இதற்கு லேட்டாகிவிடாதீர்கள்.