சாரல் நாட்டில் ஒரு பழைய வெல்டிங் மிஷின்

மூடப்பட்டுவிட்ட ஒரு கலப்பைப் பட்டறையிலிருந்து, பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மூலமாகத் தென்காசியில் என்னிடம் வந்து சேர்ந்த 300 ஆம்பியர் வெல்டிங் மிஷின், தொட்டி நிறைய எண்ணெயும், அதனுள் மூழ்கிய காயில்களும், ஆம்பியரைக் கூட்டிக் குறைக்க மேலே ஒரு கைச்சக்கரமும் கொண்ட பழைய தினுசு. காயில்கள் செம்பாக இருந்தமையால்தான் வாங்கினேன். அலுமினியமாயிருந்தால் செப்பனிடும் செலவு வீண் என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய யந்திரத்தைக் கண்டதும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கி, முதலில் 500 வோல்ட் மெக்கரை வைத்துச் சோதிப்பதே உத்தமம். கரண்ட் வாங்கும் காயிலுக்கும் ராடுக்குக் கொடுக்கும் காயிலுக்கும் இடையே குறைந்தது 5 மெகா ஓம் தடை இருக்கவேண்டும் என்று சர்வதேச நியமம் விதிக்க, இந்த மிஷினோ ஒரு மெகா ஓமைக்கூட எட்டவில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் இறங்கிவந்து குற்றாலத்து அருவிகளைப் பெருகச் செய்யும் அதே ஈரக்காற்று, மூடியின் இற்றுப்போன ரப்பரைக் கடந்து, பல சீசன்களாகத் தொட்டிக்குள் குடியேறியிருந்தது. மேலாக எடுத்த எண்ணெய் தெளிவாகவே தோன்றும். நீர் எண்ணெயைவிடக் கனமானது ஆதலால் அடியிலிருந்து எடுத்ததையே நம்பவேண்டும். அப்படி எடுத்ததில் காய்ச்சிய இரும்புக் கம்பியை நுழைத்தபோது எழுந்த சடசடப்பு, ஈரத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தது. பழைய எண்ணெய் சிலவற்றில் பி.சி.பி. என்னும் நச்சு ரசாயனம் கலந்திருக்கக்கூடும் ஆகையால் கையுறையின்றித் தொடுவதும், மண்ணில் கொட்டுவதும், அடுப்பெரிப்பதும் கூடவே கூடாது.

காயில்களை வெளியே தூக்கி, மூடிய பெட்டிக்குள் குண்டு பல்புகளின் உஷ்ணத்தில், 80 டிகிரிக்கு மேற்படாமல் பொறுமையாக உலர்த்தி, நைந்த இடங்களில் பருத்தி நாடா சுற்றி, வார்னிஷ் ஏற்றிய பிறகே மெக்கரின் முள் திருப்திகரமாக ஏறிற்று. பங்குனி வெயிலில் செய்யவேண்டிய வேலை இது. சாரலில் தொடங்கினால் உலர்ந்த காயில் மறுபடியும் ஈரத்தைக் குடிக்கும். புதிய டிரான்ஸ்பார்மர் ஆயில், புதிய மூடி ரப்பர், கருகிய லக்குகளுக்குப் பதில் செம்பு லக்குகள் ஆகியவற்றோடு செலவு முடிந்தது.

கைச்சக்கரத்தின் திருகைத் துருநீக்கிக் கிரீஸ் இட்டபின் அதன் இயக்கம் மிக நேர்த்தி. சக்கரத்தைச் சுற்றினால் காயில்களுக்கிடையே ஓர் இரும்புக் கட்டை நகர்கிறது. அது உள்ளே போகப்போகக் காந்தப் பிரவாகத்தின் ஒரு பகுதி அதன் வழியே திரும்பிவிடுவதால் கரண்ட் குறைகிறது, வெளியே வரவரக் கூடுகிறது. 3.15 மில்லிமீட்டர் 6013 ராடு 110 ஆம்பியரில் சீராக எரிந்து, கசடு எளிதில் உதிர்ந்து, தழும்பும் ஒழுங்காக விழுந்தது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டும் சுடர் அணையாதிருப்பது ராடின் மேற்பூச்சு தரும் உபகாரம். 7018 ராடு மட்டும் இதனோடு ஒத்துழைக்க மறுத்து, அடிக்கடி ஒட்டிக்கொண்டது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். ராடு எரியாதபோது ஹோல்டரில் 76 வோல்ட் நிற்கிறது. உலர்ந்த இடங்களுக்கு 80 வோல்ட் வரை நியமம் அனுமதித்தாலும், ஈரமான, அபாயம் மிகுந்த இடங்களுக்கு 48 வோல்ட்டே வரம்பு. ஆகவே சாரல் நாட்களில் நனைந்த தரையில் நின்று இதை இயக்குவதற்கு நான் சம்மதியேன். உலர்ந்த பலகையும் தோல் கையுறையும் இருந்தும், கூரையொழுகும் பட்டறையானால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

மும்முனை இணைப்பின் இரு கம்பிகளில் 415 வோல்ட் வாங்கி ஓடும் இதை ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கட்டடத்தின் மேலே ஏறிக் கிரில் வைப்பவர்களுக்குத் தோளில் மாட்டும் இன்வெர்ட்டரே தகும். டிராக்டர் கலப்பையும் வண்டிச் சட்டமும் நாள்தோறும் வந்திறங்கும் பட்டறைக்கு, மெக்கர் சோதனையில் தேறிய செம்புக் காயிலாயின், இதைத் தயங்காமல் வாங்கலாம்.