தேனா, வெள்ளியா, துகளா?

வெள்ளி நைட்ரேட் கரைசலில் நீர்த்த தேனைச் சேர்த்துச் சிறிது காரமும் விட்டால் கலவை மஞ்சளாகிறது. 2010இல் திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரி இயற்பியல் துறையைச் சேர்ந்த டெய்சி பிலிப், இவ்வழியில் ஏறத்தாழ 4 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்கள் கிடைப்பதைக் காட்டினார். அதன்பின் இதையொட்டிய கட்டுரைகள் பல வந்துவிட்டன.

இதிலுள்ள வேதியியல் புதிதன்று. பள்ளியில் நீங்கள் செய்த வெள்ளி ஆடிச் சோதனையின் உடன்பிறப்பே இது. தேனிலுள்ள குளுக்கோஸ் வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரானைத் தந்து அதை உலோகமாக்குகிறது. அங்கே சோதனைக் குழாயின் சுவரில் படியும் வெள்ளி, இங்கே தேனின் புரதங்கள் போர்த்திக் கொள்வதால் துகளாகவே நின்றுவிடுகிறது. துகளின் எலெக்ட்ரான்கள் ஒருங்கே அதிர்ந்து, 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை உட்கவர்கின்றன. அதனால்தான் மஞ்சள் நிறம். இயற்பியல் ஆசிரியனான எனக்கு இதுவரை மகிழ்ச்சியே.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் குழியிட்டு இக்கலவையை ஊற்றுகிறார்கள். சுற்றிலும் தெளிந்த வளையம் தோன்றுகிறது. உடனே, 'நானோ வெள்ளி கொன்றது' என்று எழுதிவிடுகிறார்கள். கொன்றது யார்? தேனை நீர்த்தால் அதிலுள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி செயல்பட்டு, கிருமிகளைக் கொல்லும் ஹைடிரஜன் பெராக்சைடை உண்டாக்கும். எஞ்சிய வெள்ளி அயனியோ பழைய கிருமிக்கொல்லி. 1880களிலேயே ஜெர்மானிய மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டார்.

துகளே கொன்றதாக வைத்துக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர், ஆக்சிஜன் இல்லாத சூழலில் வெள்ளித் துகள்களை ஈ. கோலை பாக்டீரியாமீது சோதித்தனர். ஆக்சிஜன் இன்றித் துகளிலிருந்து அயனி வெளிப்படாது. அந்நிலையில் துகள்கள் பாக்டீரியாவை ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை! ஆக, துகள் என்பது அயனியைச் சிறிது சிறிதாக விடும் சேமிப்பு போன்றது.

வளையத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து ஒப்பிடுவதும் சரியன்று. அகாருக்குள் அயனி விரைந்து பரவும். துகள் ஊர்ந்தே செல்லும்.

எனவே இத்தகைய கட்டுரையை எடுத்தால் முதலில் தட்டின் படத்தைப் பாருங்கள். அதே அளவு நீர்த்து அதே காரம் சேர்த்த தேன், அதே அளவு வெள்ளி கொண்ட வெள்ளி நைட்ரேட், கழுவிப் பிரித்த துகள், பிரித்தபின் எஞ்சிய நீர் ஆகிய நான்குக்கும் தனித்தனிக் குழிகள் உண்டா? பல கட்டுரைகளில் இல்லை. எந்த மலரின் தேன் என்பதைக்கூடச் சிலர் எழுதுவதில்லை. கடைத் தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருந்தால், வேலை செய்தது தேன்தானா? வெறும் குளுக்கோஸை வைத்து ஐந்தாவது குழியும் போட்டுவிடலாம். இதற்கெல்லாம் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஓர் அகார் தட்டு.