ஆண்டெல்லையும் நாற்சார் வீடும்

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளை எல்லையாகக் கொண்டது. அது கண்டி ஒப்பந்த நாள். ஆட்சி மாறிய நாளேயன்றிக் கட்டடக்கலை மாறிய நாளன்று. யாழ்ப்பாணத்தில் எஞ்சியுள்ள நாற்சார் வீடுகளிற் பல அதற்குப் பிற்பட்டவை. அத்தகையவற்றை வர்த்தமானி அறிவித்தல்மூலம் தனித்தனியே பாதுகாக்கலாம் என்பது உண்மையே. ஆயின், அறிவித்தல் சுவரைத் தாங்குமா? பாதுகாக்கப்பட்ட சின்னமான நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதியை 2025இல் எவரும் இடிக்கவில்லை, மழையே வீழ்த்தியது. இடிப்பதைத் தடுக்கும் விதி பேணுதலுக்குப் பொருளுதவி வழங்காவிடின் அது அரைவிதியே. காலிக் கோட்டைக்கென 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நமது உள்ளூராட்சி மன்றங்களும் பழைய வீடுகளைப் பட்டியலிட்டு, இடிப்பனுமதியைக் கட்டுப்படுத்தி, பேணுவோருக்கு வரிச்சலுகை அளித்தல் வேண்டும். வீடு வீழ்ந்தபின் இயற்றப்படும் விதி வெறும் இரங்கலுரையாகவே அமையும்.