பணிப்பாய்வு மென்பொருளில் செயல்தெரிவுகள்: கோப்பு மரபும் தமிழ் வினைவடிவமும்

ஆய்வுச் சுருக்கம்

அலுவலகப் பணிப்பாய்வு மென்பொருளில் அலுவலர் அழுத்தும் பொத்தான்கள் வெறும் மொழிபெயர்ப்புச் சொற்கள் அல்ல. அவை முடிவெடுக்கும் அதிகாரத்தை வரையறுப்பவை. அச்சொற்களைக் கோப்பு மரபோடும் தமிழ் வினையிலக்கணத்தோடும் ஒப்பிட்டு, அவற்றைச் சோதிக்கும் அளவுகோல்களின் போதாமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பணிப்பாய்வு, செயல்தெரிவு, ஏவல், செயப்பாட்டுவினை, கோப்பு மரபு

முன்னுரை

விண்ணப்பம் ஒன்று அலுவலரின் திரையை அடையும்போது அவர்முன் நிற்பவை சில தெரிவுகளே: மேலனுப்பு, திருப்பு, ஏற்பு, மறுப்பு. தாள்கோப்பில் அவர் தம் கருத்தை எவ்வாறும் எழுதலாம். ‘பேசுக’ என்ற ஒற்றைச் சொல்லும் குறிப்பாக அமையும். திரையிலோ, வடிவமைப்பாளர் வைத்த தெரிவுகளுக்கு அப்பால் முடிவு இல்லை. எனவே தெரிவுப் பட்டியலை உருவாக்குபவர், அறியாமலேயே நிருவாக விதியொன்றை எழுதுகிறார். கணினித்தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் சொல்லின் தூய்மை பெறும் கவனத்தை, அச்சொல் நிகழ்த்தும் செயல் பெறுவதில்லை என்பதே இக்கட்டுரையின் விமர்சனம்.

கோப்பு மரபில் முடிவு

படிநிலை ஒப்புதல் தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டில், அரசனின் வாய்மொழி ஆணை ஓலையில் எழுதப்பெற்று, ஓலைநாயகங்களின் ஒப்புப் பெற்று, வரிப்பொத்தகத்தில் ஏறும் வரிசை காணப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் செய்தவர் பெயர் இடம்பெறுகிறது.

சென்னை மாகாணத்தில் வேரூன்றி, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் தொடர்ந்த டாட்டன்ஹாம் முறையில் குறிப்புக் கோப்பும் நடப்புக் கோப்பும் வேறுவேறாகப் பேணப்பட்டன. அங்கு ‘முடிவு’ என்பதும் ஒருவகைப்பட்டதன்று. ஓ.மு., மூ.மு., ப.மு. என்னும் குறியீடுகள் முறையே ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டுக் காலம் கோப்பைப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் உடன் உணர்த்தின. ஆக, முடிவைக் குறித்த சொல்லே அதன் பின்விளைவையும் சுமந்தது. ‘முடிக்கப்பட்டது’ என்ற திரைச்சொல் இவ்வேறுபாடு எதையும் காட்டுவதில்லை.

பொத்தானின் வினைவடிவம்

‘அனுப்பு’ என்பது ஏவல் ஒருமை. பயனர் கணினியை ஏவுகிறார். ‘ஒப்புதல்’ தொழிற்பெயர், காலமும் இடமும் காட்டாதது. விண்ணப்பதாரர் காணும் ‘நிராகரிக்கப்பட்டது’ செயப்பாட்டுவினை. இங்குச் செய்தவர் மறைகிறார். பொத்தானில் ஏவல், பதிவேட்டில் தொழிற்பெயர், அறிவிப்பில் செயப்பாட்டுவினை என ஒரே செயல் மூன்று வடிவங்களைப் பெறும் வழியில் எழுவாய் படிப்படியாக நழுவுகிறது. செப்பேடு பேணிய பெயரை மென்பொருளும் உள்ளே சேமிக்கிறது; ஆனால் அதன் மொழி அதனை வெளியே சொல்வதில்லை.

மயக்கம் தரும் சொற்களும் உள. ‘விண்ணப்பத்தை ரத்து செய்யவா?’ என்ற வினாவின்கீழ்ச் ‘சரி’, ‘ரத்து’ என இரு பொத்தான்கள் நின்றால், இரண்டாவது விண்ணப்பத்தை ரத்து செய்யுமா, வினாவையே கைவிடுமா என்பது விளங்காது. ‘திருப்பு’ என்பதும் அத்தகையதே: கீழ்நிலை அலுவலருக்கா, விண்ணப்பதாரருக்கா என்னும் வேற்றுமைப் பொருள் தொக்கு நிற்கிறது. ‘ரத்து செய்க’, ‘செய்ய வேண்டாம்’ எனவும், ‘விண்ணப்பதாரருக்குத் திருப்புக’ எனவும் விரித்தால் மயக்கம் நீங்கும். இடம், பால் அனைத்திற்கும் பொதுவாக நன்னூல் கொள்ளும் வியங்கோள் வடிவம், ஏவல் ஒருமையின் கடுமையையும் தவிர்க்கும்.

இல்லாத தெரிவு

தவறான தெரிவினும் கேடு தருவது இல்லாத தெரிவு. திருச்சிராப்பள்ளித் தென்னூரில் வீட்டுமனை ஒன்று கைமாறிப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கப்படுவதாகக் கொள்ளலாம். உட்பிரிவு தேவைப்படின் அளவைப் பணி உண்டு, தேவைப்படாவிடின் இல்லை. பாதை வேறுபடுவதால் தெரிவுகளும் வேறுபட வேண்டும். மூலப்பத்திரத்தின் ஒரு பக்கம் தெளிவற்றிருப்பதை அலுவலர் காண்கிறார் எனின், ஏற்பு, மறுப்பு ஆகிய இரண்டு மட்டுமே உள்ள திரையில் அவர் மறுத்தே ஆகவேண்டும். உரிமை மறுக்கப்பட்டமையும் தாள் ஒன்று குறைந்தமையும் அங்கு ஒரே சொல்லாகின்றன. விண்ணப்பதாரர் புதிய எண்ணுடன் வரிசையின் கடைசியில் நிற்க நேரும். ‘விளக்கம் கோருக’ என்னும் தெரிவு இருப்பின் அதே எண் உயிரோடிருக்கும்.

சோதனையின் எல்லை

தெரிவுகளை உருவாக்கியபின், அனுமதிக்கப்பட்ட பாதைகளை மட்டும் இயக்கிப் பார்ப்பது சோதனையாகாது. 1978இல் சௌ என்பவர் விளக்கிய நிலைமாற்றச் சோதனை முறையின் அடிப்படையில் கணக்கிட்டால், நான்கு நிலைகளும் ஐந்து தெரிவுகளும் உள்ள சிறு பாய்வில் 20 இணைகள் எழும். அவற்றுள் ஆறு மட்டுமே இசைவுடையன எனின், எஞ்சிய 14 இணைகளும் உண்மையில் தடுக்கப்படுகின்றனவா எனவும் பார்த்தல் வேண்டும். முடிந்த கோப்பில் ‘ஏற்பு’ மீண்டும் இயங்குமா, இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு தெரிவை அழுத்தினால் எது நிலைக்கும் என்பன இவ்வகை வினாக்கள்.

வான் டெர் ஆல்ஸ்ட் வகுத்த செம்மைக் கோட்பாடு மூன்றை வலியுறுத்துகிறது: எந்நிலையிலிருந்தும் முடிவை அடைய வழி இருத்தல், முடிவில் எச்சம் இன்மை, ஒருபோதும் நிகழாத செயல் இன்மை. இக்கோட்பாடு இன்றியமையாததே. எனினும் அது உறுதி செய்வது முடிவின் சாத்தியத்தை, முடிவையன்று. திருப்புதலும் மீள அளித்தலும் ஐம்பது முறை தொடர்ந்தாலும், ‘ஏற்பு’ என்னும் வழி திறந்திருக்கும்வரை அப்பாய்வு செம்மையுடையதே. கணிதத்தின் பார்வையில் குறையற்ற இப்பாய்வு, காத்திருப்பவர் பார்வையில் முடிவற்ற அலைக்கழிப்பு. எனவே திருப்புதலுக்கு எண்ணிக்கை வரம்பும், காரணம் பதிவதற்கான கட்டாயமும் தெரிவின் வரையறைக்குள்ளேயே அமைதல் வேண்டும்.

மொழிச்சோதனையும் இதனுடன் இணைதல் தகும். வடிவமைப்பில் பங்கேற்காத எழுத்தரிடம் பொத்தான் சொல்லை மட்டும் காட்டி, யார் செய்வது, யாரிடம் செல்லும், மீட்க இயலுமா என வினவலாம். விடைகள் வேறுபடின், நிரல் சரியாக இயங்கினும் அத்தெரிவு சோதனையில் தோற்றதாகவே கொள்ளத்தகும்.

முடிவுரை

செயல்தெரிவு என்பது சொல், அதிகாரம், விளைவு ஆகிய மூன்றின் கூட்டு. செய்தவரையும் பின்விளைவையும் சொல்லில் காத்த மரபு தமிழக நிருவாகத்திற்கு உண்டு. அதனை இழந்த தெரிவுப் பட்டியலைக் கலைச்சொல் திருத்தத்தால் மட்டும் செப்பம் செய்ய இயலாது. வினையிலக்கணம் அறிந்த தமிழாய்வாளர் மொழிபெயர்ப்புக் கட்டத்தில் அன்றி, தெரிவுகள் வரையறுக்கப்படும் தொடக்கக் கட்டத்திலேயே பங்கேற்றல் வேண்டும். திரையில் இடம்பெறாத ஒரு தெரிவின் இழப்பை இறுதியில் ஏற்பவர் அத்திரையை ஒருபோதும் காணாத விண்ணப்பதாரரே.