இறங்கி ஏறும் அழகு

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் குளிர்காலம் வந்தால் சைக்கிள் பந்தயம் சேற்றில் இறங்கிவிடும். சைக்ளோகிராஸ் எனும் அந்தப் பந்தயத்தில் எனக்கு வேகத்தைவிட, இறங்கி ஏறும் லாகவம்தான் பிடிக்கும். 40 சென்டிமீட்டர் பலகைத் தடுப்பு நெருங்குமுன்பே வீரர்களின் வலது கால் சீட்டைத் தாண்டி வந்துவிடும். இடது பெடலில் ஒரு கணம் நின்று, வண்டியின் ஓட்டம் குறையாமலே தரையில் ஓடத் தொடங்குவார்கள். செங்குத்து மேட்டில் வண்டி தோளுக்கு ஏறும். கொக்சைடே எனும் ஊரின் மணல்மேடுகளில், காற்றைக் குறைத்த 33 மில்லிமீட்டர் டயர் சரசரவென்று மணலை அறுத்துப் போகும். ஓரமெங்கும் பார்வையாளர்கள் ஆட்டும் மணிகளின் கிலுகிலுப்பு, வறுத்த உருளைக்கிழங்கு வாசனை.

முதன்முறை களமிறங்குபவர் இந்த இறங்கி ஏறுதலைப் புல்தரையில், நடைவேகத்தில்தான் பழக வேண்டும். துள்ளி விழாமல், உள்தொடை வழுக்கிச் சீட்டில் பதமாக அமர்ந்துவிட்டால், கடைசியாக வந்தாலும் அந்தப் பந்தயம் இனிக்கும்.