விதியிலிருந்து பிறக்கும் அசைவு

கணினி நிரலால் காணொளி படைக்கும் கலைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் வரலாறு உண்டு. அதன் மரபுகள் பல. உரைகல் என்று நான் நம்புவது ஒன்றே. திரையில் தெரியும் அசைவு, எழுதப்பட்ட விதியிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

அமெரிக்கரான ஜான் விட்னியே முன்னோடி. விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குறி கணித்த பழைய இயந்திரத்தை மாற்றியமைத்துப் படம் எடுத்தவர் அவர். பிறகு ஐபிஎம் ஆதரவில் 1968இல் வெளிவந்த அவரது ‘பெர்மியூட்டேஷன்ஸ்’ படத்தில் இருப்பவை வெறும் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். முதற்புள்ளி ஒரு சுற்று வருவதற்குள் அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சிதறிப் போனதாகத் தோன்றும். சட்டென்று இதழ் இதழாகக் கூடும். கச்சேரியில் கோர்வை சமத்தில் வந்து விழும்போது சபையில் எழும் நிறைவு அது. இசையின் இயைபைக் கண்ணுக்குக் கொண்டுவரும் இந்தக் கொள்கையை 1980இல் ‘டிஜிட்டல் ஹார்மனி’ என்ற நூலாகவே எழுதினார்.

ஐரோப்பிய இளைஞர்கள் வளர்த்த ‘டெமோசீன்’ மரபில் இலக்கணம் இன்னும் கறார். பல போட்டிகளில் நிரலின் அளவுக்கு வரம்பு உண்டு. பெரிய திரையில் ஓடவிட்டு, கூடியிருப்பவர்களே வாக்களிப்பார்கள். 2009இல் ஜெர்மனியின் ‘பிரேக்பாயிண்ட்’ விழாவில் வென்ற ‘எலிவேட்டட்’ மொத்தமே 4096 பைட். இந்தக் கட்டுரையைக் கணினியில் சேமித்தால்கூட அதைவிட அதிக இடம் பிடிக்கும். அதற்குள் பனிமலைகள், மூட்டம், நகரும் கேமரா, இசை எல்லாம் அடங்கியிருக்கின்றன. சேமித்து வைத்த படம் ஒன்றுகூட இல்லை. பெரிய அலைமேல் சிறிய அலை, அதன்மேல் இன்னும் சிறியது என அடுக்கி மலையின் உயரத்தை நிரலே கணக்கிடுகிறது. சரிவு செங்குத்தான இடத்தில் நுண்மேடுகளைக் குறைத்தால், மழையில் அரிபட்ட பாறையின் சாயல் வந்துவிடும். இந்த நுணுக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பின்லாந்து 2020இல் டெமோசீனைத் தன் வாழும் மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. தகுதியான மரியாதை.

கேஸி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய ‘பிராசஸிங்’ என்ற நிரலாக்கக் கருவி, ஓவியர்களுக்கும் நிரல் எழுதும் துணிவைத் தந்தது. அதன் வழியே வந்தவற்றில் நிறஜாலத்தோடு நின்றுவிடுபவையும் உண்டு. அவற்றை என்னால் உயர்வாகச் சொல்ல முடியாது.

மேடையிலேயே நிரல் எழுதும் ‘லைவ் கோடிங்’ மரபில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: எழுதும் திரையைச் சபைக்குக் காட்ட வேண்டும். ஒலிவியா ஜாக் உருவாக்கிய ‘ஹைட்ரா’ என்ற கருவியில் ஒரே வரியில் பட்டைகள் ஓடத் தொடங்கும், இன்னொரு சொல் சேர்த்தால் கலைடாஸ்கோப்பாக மடியும். எந்தச் சொல் எந்த அசைவைக் கிளப்பியது என்பதைச் சபை தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறது.