இருநூறுக்குக் கீழே

எச்.ஐ.வி. சிகிச்சையை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு மருத்துவம் நெடுநாள் ஓர் எண்ணையே பதிலாகச் சொல்லிவந்தது. ரத்தத்தில் சிடி4 அணுக்கள் 200க்குக் கீழே இறங்க வேண்டும். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டுமருந்து வந்தபோது, நோய் முற்றாத பலருக்கும் கிடைத்த பதில் "இன்னும் நேரமாகவில்லை". மருந்து குறைவு, பக்கவிளைவு அதிகம். அந்தக் காத்திருப்பில் நியாயம் இருந்தது. ஆனால், காத்திருக்கச் சொன்ன உடம்பு கர்ப்பமாக இருந்தால்?

அங்கே உடனே மருந்து உண்டு. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்கு ஒரு வேளை மருந்து. பிள்ளைக்குத் தொற்றுவதை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஒற்றை மாத்திரை ரத்தத்தில் மெல்ல மெல்லத்தான் தேயும். அதற்குள் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும். மாத்திரை விழுங்கிய ஆறு மாதத்துக்குள் நெவிரபின் அடங்கிய சிகிச்சையைத் தொடங்கிய பெண்களிடம் அது தோற்பது அதிகம் என்று 2007இல் வெளிவந்த போட்ஸ்வானா ஆய்வு காட்டியது. நம் இலவசக் கூட்டுமருந்திலும் நெவிரபின் இருந்தது. பிள்ளைக்காக விழுங்கியது, அவள் தனக்காகத் தொடங்க வேண்டிய சிகிச்சையின் வழியை மறித்தது. உலகம் "தாயிடமிருந்து சேய்க்கு" என்றதை இந்தியத் திட்டம் "பெற்றோரிடமிருந்து" என்று எழுதிக்கொண்டது. பெயரில் அப்பாவும் சேர்ந்தார். மாத்திரை அவள் வாயில்தான்.

பிறகு எண் 350 ஆனது, 500 ஆனது. 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கினால் கடும் நோயும் சாவும் பாதிக்கும் கீழாகக் குறைவதை 2015இல் ஸ்டார்ட் ஆய்வு நிறுவியது. அதில் பங்கேற்ற 4,685 பேரில் பெண்கள் கால்வாசிக்குச் சற்று மேல். 2017இல் இந்தியாவும் எண்ணைக் கைவிட்டு எல்லோருக்கும் சிகிச்சை என்றது. நல்ல முடிவு, பெண்ணுக்கும் நல்லது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எண் பார்க்காமல் வாழ்நாள் சிகிச்சை என்ற சலுகை கர்ப்பிணிகளுக்குக் கிடைத்திருந்தது. பிள்ளை இல்லாதவளும் விதவையும் அப்போதும் எண்ணுக்குக் காத்திருந்தார்கள்.

கர்ப்பகாலப் பரிசோதனையால் வீட்டில் முதலில் தொற்று தெரியவருவது பெரும்பாலும் அவளுக்குத்தான். பழியும் அவளுக்கே முதலில். மாத்திரை தொடங்கும் நாள், டப்பாவை எங்கே ஒளிப்பது என்று யோசிக்கும் நாளும்கூட. ஆலோசகர் "தயாரா?" என்று கேட்கத்தான் செய்கிறார். வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார்.